இத்தாலிய மொழி: இரண்டாம் படியில் தமிழின் துணை

இத்தாலிய மொழியின் முதற் படியைக் கடப்பது அவ்வளவு கடினமன்று. முகமன், எண்கள், கடையில் விலை கேட்பது எல்லாம் சில மாதங்களில் வந்துவிடும். இடறுவது அடுத்த படியில்தான். ஐரோப்பியர் பி1 என்று குறிக்கும் இடைநிலை அது. 2018 இறுதியிலிருந்து இத்தாலியக் குடியுரிமை கோருவோரில் பலர் இந்தத் தரத்தைக் காட்ட வேண்டியுள்ளது. மிலான், நாப்போலி, கத்தானியா நகரங்களில் இலங்கையர் பலர் வாழ்வதால் இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று.

நம்மவர் பலர் இம்மொழியை ஆங்கில வழியாகவே கற்கின்றனர். ஒத்த சொற்கள் ஏராளம் இருப்பதால் தொடக்கத்தில் அது உதவும். இடைநிலையிலோ அதே ஆங்கிலம் காலை வாரிவிடும்.

ஒரு பெண் மூன்று வருடமாக ஒரு வீட்டில் வேலை செய்கிறாள்; இன்னும் அங்கேதான் இருக்கிறாள். ஆங்கிலத்தின் "ஹேவ் வேர்க்ட்" மனதில் இருந்தால் "ஓ லவொராத்தோ" என்று எழுதிவிடுவாள். இத்தாலியர் அதை, "மூன்று வருடம் வேலை செய்தேன், அது முடிந்துவிட்டது" என்றே விளங்கிக்கொள்வர். வேலை விபரம் கேட்கும் அதிகாரியின் முன்னால் இது சிறிய வித்தியாசமல்ல. சரியான வாக்கியம் "லவோரோ தா த்ரெ அன்னி". "லவோரோ" நிகழ்காலம். தமிழிலும் "மூன்று வருடமாக வேலை செய்கிறேன்" என்றுதானே சொல்கிறோம்? நமது "ஆக" செய்யும் வேலையை அங்கே "தா" செய்கிறது.

"மி பியாச்சே" என்பதும் அப்படியே "எனக்குப் பிடிக்கும்". பிடித்தவை பலவானால் "மி பியாச்சொனோ". பெரியவரை "லெய்" என்றும் தோழியை "தூ" என்றும் அழைப்பது, நீங்கள், நீ என்று பேசிப் பழகியவருக்குப் புதிதல்ல.

உண்மையான சோதனை இறந்தகாலம். முடிந்த செயலுக்கு ஒரு வடிவம். நீடித்த செயலுக்கும் வழக்கமாகச் செய்ததற்கும் "இம்பெர்ஃபெத்தோ" என்ற இன்னொன்று. "அந்தாவோ" என்றால் "போய்க்கொண்டிருந்தேன்". "அந்தக் காலத்தில் நாள்தோறும் போவேன்" என்பதும் அதுவே. சில வினைகளில் பொருளே மாறும். "சபேவோ" என்றால் முன்பே தெரிந்திருந்தது. "ஓ சபூத்தோ" என்றால் தெரியவந்தது. ஒரு மரணச் செய்தியைப் பற்றிப் பேசும்போது இவற்றை மாற்றிச் சொன்னால், தெரிந்தும் வாளாவிருந்ததாக எண்ணுவார்கள்.

தமிழும் ஓரிடத்தில் ஏமாற்றும். "இரண்டு மணி நேரம் படித்துக்கொண்டிருந்தேன்" என்பதைக் கண்டு "இம்பெர்ஃபெத்தோ"வுக்கு ஓடாதீர்கள். எவ்வளவு நேரம் என்று அளந்து சொன்னால் இத்தாலியருக்கு அது முடிந்த செயல்: "ஓ ஸ்துதியாத்தோ". எழுதும்போது முதலில் கால அளவைத் தேடுங்கள். பிறகு வினையைத் தெரிவு செய்யுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நமது "போனேன்" ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அங்கே தம்பி "சோனோ அந்தாத்தோ" என்பான். அக்கா "சோனோ அந்தாத்தா" என்று எழுத வேண்டும்.