நம் வீட்டு அலமாரியும் ஓதப்படாத கிதாபுகளும்

சென்னையில் அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரத்துக்குத் தெற்கே, கரையை ஒட்டி, ஊரூர் ஒல்காட் குப்பம் என்றொரு மீனவர் குடியிருப்பு இருக்கிறது. பெயரில் பாதி பழைய ஊரூர். மறுபாதி, அடையாற்றில் பிரம்மஞான சபையை நிலைநாட்டிய அமெரிக்கரான கர்னல் ஒல்காட்டுடையது. அந்த ஒல்காட் 1886இல் தொடங்கிய அடையாறு நூலகம் குப்பத்துக்கு மேற்கே, சபையின் தோப்புக்குள் இருக்கிறது. சற்றுத் தெற்கே நடந்தால் பெசன்ட் நகரில் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையம், 1943இல் ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் ஏற்பட்டது. ஒரு குப்பத்தைச் சுற்றி இரண்டு பெரும் புத்தகசாலைகள்! இரண்டிலும் உள்ள ஓலைச் சுவடிகளில் பெரும்பகுதி ஒரு காலத்தில் யாரோ ஒருவருடைய வீட்டுப் பரணிலோ மடத்துப் பெட்டியிலோ பிரிக்கப்படாமல் கிடந்தவையே.

இதை இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர் இல்லங்களிலும் அத்தகைய பெட்டிகள் இருக்கின்றன.

நடுத்தரமான ஒரு முஸ்லிம் வீட்டின் கண்ணாடி அலமாரியைச் சற்று நினைத்துப் பாருங்கள். மேல்தட்டில் குர்ஆன் ஷரீபும் தப்ஸீர் பாகங்களும். அதற்கடுத்த தட்டில் திருமணத்தில் அன்பளிப்பாக வந்த நூல்கள், மீலாது விழாவில் வாங்கியவை, மதரஸா ஆண்டு விழா மலர்கள், பைண்டு செய்த பழைய மாத இதழ்கள். 1977இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்வந்த பைகள் கீழ்த்தட்டில், சில சமயம் பை பிரிக்கப்படாமலே. எல்லாவற்றுக்கும் அடியில் பழந்துணியில் சுற்றிய பாட்டனாரின் கிதாபுகள். இவற்றுள் முதலிலிருந்து கடைசிவரை ஓதப்பட்டவை எத்தனை என்று வீட்டாரைக் கேட்டால் பதில் வர நேரமாகும். ஜப்பானியர் இப்படி வாங்கிக் குவித்து வாசியாமல் வைப்பதற்கென்றே ‘சுந்தோக்கு’ என்று ஒரு தனிச்சொல் வைத்திருக்கிறார்கள். ஆகவே இது நம்மை மட்டும் பிடித்த நோயன்று.

வாசியாத நூல் எல்லாமே குற்றம் என்றும் சொல்லிவிட முடியாது. அகராதியையும், ஹதீஸ் திரட்டையும், பத்வாத் தொகுப்பையும் கதைப் புத்தகம்போல் தொடர்ந்து வாசித்து முடிப்பவர் அரிது. தேவை வந்தபோது எடுத்துப் பார்ப்பதற்காகவே அவை அலமாரியில் இருக்கின்றன. அவற்றை இந்தக் கணக்கிலிருந்து முதலிலேயே ஒதுக்கிவிடலாம். நாம் பேசுவது, இன்னதென்றே தெரியாமல் கிடப்பவற்றைப் பற்றி.

இன்னதென்று தெரியாமல் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நடந்த சான்று இருக்கிறது. 1880 அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணம் அரசினர் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்திருந்த இளம் சாமிநாதையர், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் சென்றார். தாம் கற்ற அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று வரிசையாகச் சொன்னார். முதலியார் அவற்றில் அக்கறை காட்டாமல், சீவக சிந்தாமணியை வாசித்ததுண்டா, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தை என்று கேட்டார். ஐயர் அவற்றைக் கண்ணாலும் கண்டதில்லை. தமிழ் கற்ற அறிஞர் ஒருவருக்கே அந்த நிலை. ஆனால் அந்த நூல்கள் உலகத்தில் இல்லாமல் போய்விடவில்லை. பின்னர் அவர் தேடியபோது, தாம் பல ஆண்டுகள் இருந்து பாடம் கேட்ட திருவாவடுதுறை ஆதீன மடத்துப் புத்தகசாலையிலேயே பழைய நூல்களின் சுவடிகள் சில கிடைத்தன. ஒரே கூரையின் கீழ் அவர் படித்துக்கொண்டிருந்தார்; அவையும் கிடந்தன! 1887இல் சிந்தாமணியும், 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவரால் அச்சேறின.

இதில் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. சிந்தாமணி ஜைன நூலாதலால் அதன் சமயக் கருத்துக்கள் அவருக்கு எளிதில் விளங்கவில்லை. விளக்கம் கேட்கக் கும்பகோணத்து ஜைனர் ஒருவர் வீட்டுக்குப் போனார். அங்கே ஏதோ விசேஷ நாள்போல் அலங்காரம் செய்திருந்தார்கள். என்ன விசேஷம் என்று கேட்டால், ஆறு மாதமாகத் தாங்கள் கூடியிருந்து வாசித்து வந்த சிந்தாமணி அன்றுதான் நிறைவெய்தியது என்றார்கள். அறிஞர் உலகம் மறந்த நூலை ஒரு சிறு சமூகம் தன் வீட்டுக்குள் வருடந்தோறும் வாசித்துக் காத்து வந்திருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. அதே சாமிநாதையர் சுவடி தேடிக் கரிவலம்வந்தநல்லூருக்குப் போனபோது, பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். வேறிடங்களில் ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் ஆற்றில் விட்டார்கள். அவமதித்தவர் எவருமில்லை. பக்தியோடுதான் செய்தார்கள். என்ன நூல் என்று பார்க்காமல் மரியாதை செய்தார்கள், அவ்வளவுதான்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். பழுதடைந்த குர்ஆன் பிரதிகளையும், ஓதித் தேய்ந்த ஜுஸ்வுகளையும் மிதிபடாத இடத்தில் புதைப்பதும் நீரில் விடுவதும் நம்மிடையே உள்ள பழக்கம். அது தக்க மரியாதையே. ஆனால் பாட்டனாரின் துணிமூட்டையைப் பிரிக்கும் இன்றைய பேரப்பிள்ளைக்கு அரபி எழுத்தில் இருப்பதெல்லாம் ஒன்றுபோல் தோன்றுகிறது. மஞ்சளேறிய தாள், கல்லச்சு, அட்டையில்லை, ஓரம் உதிர்கிறது. எடுத்துப் பழைய முஸ்ஹபுகளோடு சேர்த்துப் பள்ளிவாசல் பெட்டியில் போட்டுவிடுகிறார். அந்தக் கட்டில் அரபுத் தமிழ்க் கிதாபும் இருந்தால்? அரபுத் தமிழ் என்பது அரபி எழுத்தில் எழுதிய தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளைக் கூட்டி நம் முன்னோர் எழுத்துக்களை அமைத்துக்கொண்டார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இலங்கையிலும் மார்க்கச் சட்டம், வைத்தியம், மாலைகள், பெண்களுக்கான பாடம் எல்லாம் அதில் எழுதப்பட்டன. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘பத்ஹுத் தய்யான்’ அவ்வகைச் சட்ட நூல்களில் பேர்போனது. அச்சில் பல படிகள் வந்த நூல் தப்பித்துக்கொள்ளும். கைப்பட எழுதிய ஒரே பிரதி மண்ணுக்குள் போனால் போனதுதான்.

தவிர்க்க வழி மிக எளிது. எந்தத் தாளையும் ஒப்படைக்கும் முன் ஒரு வரியை வாய்விட்டு ஓதிப் பாருங்கள். அரபுத் தமிழாயிருந்தால் காதில் தமிழ் விழும். மக்தபில் குர்ஆன் ஓதக் கற்றவருக்கு, கூடுதலான அந்தச் சில எழுத்துக்களைப் பழகிக்கொள்ள அதிக நாள் பிடிக்காது. வீட்டில் வயதான உம்மம்மா இருந்தால் அவரையே உஸ்தாதாக வைத்துக்கொள்ளலாம். நூறு மசலாவும் பெண்புத்தி மாலையும் பார்க்காமலே சொல்லக்கூடிய மூதாட்டிகள் இருந்தார்கள். இன்னும் எங்கேனும் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதை நாளைக்கு என்று தள்ளக் கூடாது.

அலமாரி முழுவதையும் ஒரே நாளில் வெளியே கொட்டுவது வேண்டாம். பெருநாளுக்கு முன் வீடு துடைப்பவர்கள் அப்படிச் செய்து, மாலைக்குள் களைத்துப்போய், எல்லாவற்றையும் பழையபடி திணித்து வைப்பதுதான் வழக்கம். ஒரு வாரத்துக்கு ஒரு தட்டு போதும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நூலின் பெயர், எழுதியவர், அச்சகம், ஆண்டு, முதற்பக்கத்தில் யாருடைய பெயர் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கடைசி விவரத்தில்தான் பல உண்மைகள் வெளிப்படும். முதற்பக்கத்தில் பிறருடைய பெயர் இருந்தால் அது இரவலாக வந்த நூல். அதாவது அமானத்து. இருபது ஆண்டு நம் அலமாரியில் இருந்ததால் அது நமதாகிவிடாது. உரியவர் காலமாகியிருந்தால் அவருடைய பிள்ளைகளைத் தேடிச் சேர்ப்பிக்க வேண்டும். மதரஸாவின் வக்ஃபு முத்திரை இருந்தால் இன்னும் கண்டிப்பு. வாசிக்கலாமா வேண்டாமா என்ற ஆராய்ச்சிக்கே அங்கு இடமில்லை. முதலில் திருப்பிக் கொடுங்கள்.

மிஞ்சியவற்றுக்கு ஒரு கணக்குப் போடலாம். சுபுஹுத் தொழுகைக்குப் பின் நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் வாசித்தால் ஆண்டுக்கு 3,650 பக்கம். முந்நூறு பக்க நூல்களாக ஏறத்தாழப் பன்னிரண்டு. அலமாரியில் வாசியாத நூல் நூற்றிருபது இருந்தால் பத்தாண்டு ஆகும், இடையில் புதிதாக ஒன்றும் வாங்காமல் இருந்தால்! ஐம்பது வயதுக்காரர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், எதை வாசிப்பது, எதை வாசிக்கக்கூடிய வேறொருவருக்குக் கொடுப்பது என்று தாமே முடிவு செய்துவிடுவார். ஒவ்வொரு நூலிலும் நாற்பது பக்கம் பார்த்துவிட்டு முடிவு செய்வது நியாயமானது. முன்னுரையோடு நிறுத்தினால் அநியாயம்; பிடிக்காததைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போவதும் வீண். சில நூல்களை வாசிக்காமலே கொடுத்துவிடலாம் என்பது நம் அபிப்பிராயம். ஊருக்கு ஊர் பள்ளிவாசல் நூலகங்கள் நாற்காலிகளோடு வெறுமையாக இருக்கின்றன. ஆனால் அங்கே கொடுப்பது கழித்துக் கட்டுவதற்காக இருக்கலாகாது. செல்லரித்த மலர்களை மூட்டை கட்டி அனுப்பிவிட்டு ஸதக்கா என்று பெயர் சொல்வது முறையல்ல.

பெரிய நூல்களுக்குத் தனி ஆள் முயற்சி போதாது. சீறாப்புராணம் பல வீடுகளில் இருக்கிறது, அட்டை கலையாமல். உமறுப் புலவர் பாடிய அக்காப்பியத்தில் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து ஆகிய மூன்று காண்டங்களில் 5,027 செய்யுட்கள் உள்ளன. 1842இல் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதை அச்சேற்றும்வரை ஓலையில்தான் இருந்தது. அதை விரிவுரையோடு கூட்டத்தில் ஓதிக் கேட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று தனியே எடுத்தவர் பத்தாம் செய்யுளில் அகராதி தேடிச் சலித்து வைத்துவிடுகிறார். நாளொன்றுக்குப் பதினான்கு செய்யுளாக, மஃரிபுக்குப் பின் அரைமணி நேரம், ஒருவர் ஓத மற்றவர் கேட்க, உரை நூல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் 360 நாட்களில் முடிந்துவிடும். கும்பகோணத்து ஜைனர்கள் செய்ததும் இதுதானே!

குடும்பங்கள் தம் ஏடுகளைக் காத்த கதை ஆப்பிரிக்காவிலும் உண்டு. மாலி நாட்டுத் திம்புக்தூ நகரில் கையெழுத்துக் கிதாபுகள் தலைமுறை தலைமுறையாக வீட்டுப் பெட்டிகளிலேயே இருந்தன. 2012இல் ஆயுதக் குழுவினர் நகரைக் கைப்பற்றியபோது, அப்துல் காதிர் ஹைதரா என்ற நூலகரும் அவருடைய துணைவர்களும் அவற்றைத் தகரப் பெட்டிகளில் அடைத்து வண்டியிலும் படகிலுமாகத் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திச் சென்றார்கள். எந்தப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று அறிந்தவர்கள் இருந்ததால் அது முடிந்தது.

நம் கடலோர ஊர்களில் ஆயுதக் குழு வரவேண்டியதில்லை. உப்புக்காற்றும் ஈரமும் ராமபாணப் பூச்சியும் கறையானும் போதும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். நனைந்த நூலை வெயிலில் காய வைக்காதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள். தஞ்சை சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், மிளகு, கிராம்பு, பட்டை ஆகியவற்றை இடித்துக் கர்ப்பூரம் சேர்த்துச் சிறு துணிமுடிச்சாகச் சுவடிகளுக்கிடையே வைக்கும் வழக்கம் உண்டு. வீட்டிலும் செய்யலாம். கிழிந்த தாளைச் செல்லோடேப் போட்டு ஒட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். சில ஆண்டில் பசை பழுப்பேறி எழுத்தையும் தின்றுவிடும்.

கையெழுத்துக் கிதாபு ஏதேனும் அகப்பட்டால் பிரித்துத் தைக்கவோ புது அட்டை போடவோ அவசரப்படாமல், முதலில் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். எழுதி முடித்தவர் தம் பெயர், தகப்பனார் பெயர், ஊர், ஹிஜ்ரி ஆண்டு, தமக்காக துஆச் செய்யும்படி ஒரு வேண்டுகோள் ஆகியவற்றை அங்கேதான் எழுதி வைப்பது வழக்கம். அதை அப்படியே நோட்டில் பெயர்த்தெழுதிக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒரு பிரதியை வீட்டிலும் மற்றொன்றை இதில் அக்கறையுள்ள ஆலிம் ஒருவரிடமோ கல்லூரித் தமிழ்த்துறையிலோ கொடுத்து வைத்த பிறகு, மூலத்தைத் துணியில் சுற்றிப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம்.