பாடமும் இல்லமும் ஆராய்ச்சியும்

பட்டப்படிப்பிற் புகும் மாணவனுக்குப் பெரியோர் கூறும் முதல் அறிவுரை, நேரத்தைப் பகுத்துக்கொள்க என்பது. பாடத்துக்கு இத்தனை மணி, வீட்டுக்கு இத்தனை மணி என வகுத்தல் எளிது. ஆயின், உயிரியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டவனுக்கு இக்கணக்குப் பொருந்துவது அரிது. ஈயும் புழுவும் நேரசூசி பார்த்துப் பிறப்பனவல்ல. இவ்விடர்ப்பாட்டின் நடுவே நின்ற கொலம்பியாப் பல்கலைக்கழக மாணவர் இருவரை ஈண்டு நோக்குவோம்.

ஒருவர் அல்பிரட் ஸ்ரேட்டிவன்ற். 1891 இற் பிறந்து, அலபாமாவிலே தந்தையாரின் பண்ணையில் வளர்ந்தவர். பண்ணைக் குதிரைகளின் குலவழியை எழுதி வைத்தல் அவருக்குச் சிறுவயதுப் பொழுதுபோக்கு. 1908 இல் அவர் நியூயோர்க் நகர் சென்றபோது, பதினாறு ஆண்டு மூத்த தமையனாரும் அவர் மனைவியாரும் தம் இல்லத்திலேயே வைத்துப் பேணினர். தமையனார் இலத்தீனும் கிரேக்கமும் கற்பித்தவர். (மொழியாசிரியனாகிய யான் இதனைச் சற்றுப் பெருமையோடு கூறுவதை வாசகர் பொறுப்பாராக.) தம்பியின் குதிரைப் பட்டியலை அவர் வீண்வேலை என ஒதுக்கவில்லை, பரம்பரை பற்றிய நூல்களைப் படிக்கத் தூண்டினார். அதன் பயனாகக் குதிரைகளின் நிறம் பற்றி எழுந்த கட்டுரையைக் கண்ட பேராசிரியர் மோர்கன், 1910 இல் தம் ஆய்வுகூடத்தில் அவருக்கு ஒரு மேசை அளித்தார்.

மற்றவர் கல்வின் பிரிட்ஜஸ். இளமையிலேயே பெற்றோரை இழந்து பாட்டியாரால் வளர்க்கப்பட்டவர். உழைத்தாலன்றிப் படிக்க இயலாத நிலை. அதே கூடத்திற் பழ ஈக்கள் வளர்த்த போத்தல்களைக் கழுவும் வேலை அவருக்குக் கிடைத்தது. கழுவவிருந்த போத்தலின் தடித்த கண்ணாடியூடே, கடுஞ்சிவப்புக் கண்ணுடைய ஈ ஒன்றை அவர் கண்டுகொண்டார். கூலி வேலையும் ஆராய்ச்சியும் அவருக்கு ஓரிடத்திலேயே அமைந்தன. வறிய மாணவருக்கு உதவ விரும்புவோர் கருதற்பாலது இது: உதவிப்பணம் நன்று, துறைசார்ந்த வேலை அதனினும் நன்று.

1911 இல் ஒருநாள், மோர்கனோடு உரையாடிய ஸ்ரேட்டிவன்றுக்கு ஒரு கருத்துத் தோன்றியது. பரம்பரை அலகுகள் நிறமூர்த்தத்தில் மாலைமணிகள்போல் வரிசையாக இருப்பின், அண்மையிலுள்ளவை அருகியே பிரியும். சேய்மையிலுள்ளவை அடிக்கடி பிரியும். எனவே பிரியும் வீதமே தூரத்தைக் காட்டும் அளவுகோலாகலாம். மஞ்சள் உடலுக்கும் வெள்ளைக் கண்ணுக்குமுரிய அலகுகள் நூற்றுக்கு ஒன்றளவே பிரிந்தன; வெள்ளைக் கண்ணும் கடுஞ்சிவப்புக் கண்ணுமோ நூற்றுக்கு முப்பதளவு பிரிந்தன. தரவுகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றவர், அன்றிரவின் பெரும்பகுதியும் அமர்ந்து நிறமூர்த்தத்தின் முதல் வரைபடத்தை வரைந்துவிட்டார். அன்றைய வகுப்புப் பயிற்சிகள் செய்யப்படாமலே கிடந்தன!

நாள்தோறும் இவ்வாறு பாடத்தைக் கைவிட்டிருப்பின் பட்டம் கிட்டியிராது. அவர் 1912 இற் பட்டம் பெற்றார். வரைபடக் கட்டுரை 1913 இல் வெளிவந்தது. இருபது ஆண்டின் பின், 1933 இல் மோர்கனுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அப்பணத்தை அவர் தம் பிள்ளைகளுக்கும், ஸ்ரேட்டிவன்ற், பிரிட்ஜஸ் ஆகிய இருவரின் பிள்ளைகளுக்குமாகப் பகிர்ந்தளித்தார்.