வறட்சியில் காய்கனித் தோட்டம்

மழைக்குப் பெயர் பெற்ற நாடு இங்கிலாந்து. அங்கும் வறட்சி வருவதுண்டு. 1975ஆம் ஆண்டு மே திங்களிலிருந்து 1976ஆம் ஆண்டு ஆகஸ்டு வரை அந்நாட்டில் மழை மிகவும் குன்றியது. 1976 ஆகஸ்டில் வறட்சிச் சட்டம் இயற்றப்பட்டது. பல ஊர்களில் இரப்பர்க் குழாயால் தோட்டத்திற்கு நீர் பாய்ச்சுதல் தடுக்கப்பட்டது. சில இடங்களில் வீட்டுக் குழாய்கள் அடைக்கப்பட்டன. மக்கள் தெருக்குழாயருகே வாளியுடன் காத்து நின்றனர்.

அந்நாட்டு உள்ளாட்சி மன்றங்கள், காய்கனி பயிரிட விரும்புவோர்க்குச் சிறு நிலத்துண்டுகளை வாடகைக்கு விடுகின்றன. அவற்றை ‘அலாட்மெண்ட்’ என்பர். ஒரு துண்டின் மரபான பரப்பு ஏறத்தாழ 250 சதுர மீட்டர். அத்துண்டில் உருளைக்கிழங்கும் வெங்காயமும் தக்காளியும் ஒருங்கே வளரும். ஓரத்தில் ஓர் ஆப்பிள் மரமும் நிற்கும். இத்தனைக்கும் கையிலிருப்பது சில பூவாளி நீரே என்றால், அதனை எதற்கு வார்ப்பது?

எல்லாச் செடிக்கும் சிறிது சிறிதாகத் தெளிப்பதே நேர்மை எனத் தோன்றும். ஆனால், அவ்வாறு தெளித்த நீர் மேல்மண்ணை மட்டும் நனைத்து, வெயிலில் ஆவியாகிவிடும். வேரும் நீரைத் தேடி ஆழச் செல்லாது மேலேயே படரும். ஆதலின், தேவையறிந்து, வேரடியில், மாலையிலோ விடியலிலோ நிறைய வார்த்தலே முறை. பீன்ஸ் கொடிக்குப் பூக்கும் காலத்திலும், உருளைக்கு கிழங்கு திரளும் காலத்திலும் நீர் இன்றியமையாதது. தக்காளிக்குச் சீராக வார்த்தல் வேண்டும். பல நாள் காயவிட்டுத் திடீரெனப் பெருக வார்த்தால் கனி வெடிக்கும். நன்கு வேரூன்றிய வெங்காயமும் பீட்ரூட்டும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். வளர்ந்த ஆப்பிள் மரம் ஆழத்து ஈரத்தை நாடிக்கொள்ளும். புதிதாய் நட்ட கன்றோ வாடி மடியும். எனவே, முதல் வாளி கன்றுக்கே உரியது.

நீரை வார்ப்பதினும் அதனைக் காப்பது பெரிது. மட்கிய உரம் கலந்த மண், ஈரத்தை நெடுநாள் பிடித்துவைக்கும். நனைந்த நிலத்தின்மேல் வைக்கோலையோ புல்லையோ மூடாக்காகப் பரப்பினால் வெயில் மண்ணைத் தாக்காது. உலர்ந்த நிலத்தின்மேல் பரப்பினாலோ, பெய்யும் சிறு மழையும் உள்ளே இறங்காது. களையும் நீர் குடிக்கும் செடியே. அதனை இளமையிலேயே கொத்தி நீக்கல் வேண்டும். பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் அவ்வாண்டில் பல தோட்டங்களைக் காத்தன. எனினும், கடுமையான மருந்து கலந்த நீரைச் செடிக்கு வார்த்தலாகாது. கழிவுநீர் எதனையும் பச்சையாக உண்ணும் கீரைமீது படவிடலும் ஆகாது.

ஆகஸ்டு இறுதியில் மழை திரும்பியது. அதனைத் தொடர்ந்த செப்டம்பரும் அக்டோபரும் மிகுமழை பெற்றன. வறட்சி நீங்கியது, அது கற்பித்த பாடம் நீங்கவில்லை. நீர் மிகுந்த காலத்தில் மண்ணைப் பேணியவனே நீர் அருகிய காலத்தில் பயிரைக் காக்க வல்லவன். மாணவர்களே, உங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு செடியே இருப்பினும், அதன் அடியில் சிறிது மூடாக்கு இட்டுப் பாருங்கள்; இப்பாடத்தின் உண்மை உங்கள் கைக்கே புலனாகும்.