தொலைவும் ஒளியும்

மாங்காடு காமாட்சியம்மன் கோயிற் கோபுரத்தை ஒளிப்படமெடுக்க விழையும் மாணவர், பிறர் பயன்படுத்திய காமிராவை வாங்குங்கால் எதனைத் தேர்வது? 2007-இல் வெளிவந்த நிக்கான் டி3 தொழின்முறைக் கருவி. 12 மெகாபிக்சல் உடையது. 2015-இல் வெளிவந்த நிக்கான் பி900, 16 மெகாபிக்சல் உடையது. கழற்றவியலாத 83 மடங்கு ஜூம் வில்லையால் உச்சிச் சுதைச் சிற்பத்தையும் அண்மையிற் காட்டும்.

ஆயினும், டி3-இன் ஒளியுணரி ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. பரப்பிற் பின்னதனைப்போல் சுமார் 30 மடங்கு. ஆதலின், தக்க வில்லை பொருத்தின், மிகுந்த ஒளியை ஏற்று இரவுக் காட்சியையும் தெளிவுறப் பதியும். பி900-இலோ, தொலைவை நோக்குந்தோறும் ஒளிபுகும் திறன் குறைதலின், அது பகலிலேயே சிறக்கும்.

எனவே, எவ்வளவு தொலைவு என்பதனோடு எவ்வளவு ஒளி என்பதனையும் ஆராய்ந்தே பொருள் கொடுத்தல் வேண்டும். புதுமை ஒன்றே தகுதியாகாது.