பி.எம்.ஐ.: கணக்கு எளிது, அளவெடுப்பதில்தான் கவனம்

உடல் நிறை குறியீட்டெண் என்பது, ஒருவருடைய எடை உயரத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கணக்கு. ஆஸ்பத்திரிச் சீட்டில் பி.எம்.ஐ. என்று எழுதுவது இதைத்தான். பெல்ஜியம் நாட்டு அறிஞர் அடால்ஃப் கெட்லே 1830களில் கண்ட விகிதம் இது. இன்றைய பெயரை அமெரிக்க ஆய்வாளர் ஆன்செல் கீஸ் 1972இல் வைத்தார்.

செல்போன் கால்குலேட்டரே போதும். கிலோ எடையை மீட்டர் உயரத்தால் இரண்டு முறை வகுக்க வேண்டும். கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் உயரம் 152 செ.மீ., எடை 56 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 56 ÷ 1.52 ÷ 1.52 = 24.2.

இந்த எண்ணை எந்த அட்டவணையில் வைத்துப் பார்ப்பது என்பது அடுத்த கேள்வி. உலகப் பொது அளவில் 18.5 முதல் 24.9 வரை சரியான எடை. இந்தியர்களுக்கு 23 தொட்டாலே அதிக எடை, 25 தொட்டால் உடல் பருமன். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து, சர்க்கரை நோய் எட்டிப் பார்த்துவிடுவதே காரணம். உலகக் கணக்கில் தேறிய அந்தப் பெண், நம் கணக்கில் அதிக எடைக்காரர். 23 × 1.52 × 1.52 என்று பெருக்கினால் 53.1 வரும், அவர் குறைக்க வேண்டியது மூன்று கிலோ அளவுதான்.

பிழை பெரும்பாலும் உயரத்தில் நுழையும். ஐந்தடி பத்து அங்குலத்தை 5.10 என்று எழுதுவது வழக்கம். அதை அப்படியே 30.48ஆல் பெருக்கினால் 155 செ.மீ. வரும், உண்மையில் அது 178. எழுபது கிலோ ஆளுக்கு 22 என்று வரவேண்டிய பி.எம்.ஐ. 29 ஆகிவிடும். அடியை அங்குலமாக்கி (70), 2.54ஆல் பெருக்குவதே முறை. செருப்பைக் கழற்றி, குதிகாலும் முதுகும் சுவரில் பட நிற்க வேண்டும். எடை மெஷினைக் களத்துமேட்டில் வைக்காமல் சமமான சிமென்ட் தரையில் வைத்து, காலையில் வெறும் வயிற்றில் பார்ப்பது நல்லது.

பி.எம்.ஐ.க்குத் தசையும் கொழுப்பும் ஒன்றுதான். கரிசல் காட்டில் மண்வெட்டி பிடித்து உரமேறிய உடம்புக்கும், கடை கல்லாவில் அமர்ந்து தொந்தி விழுந்த உடம்புக்கும் ஒரே எண் வரலாம். அதனால் தையல்கடை டேப்பால் இடுப்பையும் அளக்க வேண்டும். பேன்ட் சைஸோ, அரைஞாண் கயிறு கிடக்கும் இடமோ இதற்கு உதவாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் சுற்ற வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது.

18.5க்குக் கீழே போவதும் கவனிக்க வேண்டியதே. காரணமில்லாமல் எடை இறங்கினால் காசநோய், சர்க்கரை நோய் உள்ளதா என்று பார்ப்பது அவசியம். சாப்பாடு போதாமல் மெலிந்தவருக்கு நிலக்கடலையும் பருப்பும் நல்ல துணை. 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயிலும் கடலைச் சத்து உண்டு; ஆனால் வெல்லப்பாகும் சேர்வதால், எடை குறைக்க வேண்டியவர் அதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த அட்டவணை பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. கர்ப்பிணிகளுக்கு இது பொருந்தாது. முதுமையில் தசை கரைந்து கூனும் விழுவதால், வயதானவர்களின் எண்ணை மருத்துவர் பார்த்துச் சொல்வதே சரி.