வர்த்தக ஒப்பந்தங்களும் நமது விளைபொருள்களும்

ஒரு நாட்டின் பொருளுக்கு மற்றொரு நாடு எவ்வளவு தீர்வை விதிக்கலாம், எத்தகைய தரத்தை வேண்டலாம் என்பவற்றை முன்கூட்டியே வரையறுக்கும் உடன்படிக்கை வர்த்தக ஒப்பந்தம் எனப்படும். 1947 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரில் உருவான தீர்வைகள், வர்த்தகம் பற்றிய பொது உடன்படிக்கையின் மூல நாடுகள் இருபத்துமூன்றனுள் இலங்கையும் ஒன்று. 1995 இல் உலக வர்த்தக அமைப்பு தோன்றியபோதும் நமது நாடு தொடக்க உறுப்பினராயிற்று.

கமக்காரர் தமது கறுவாவையும் மிளகையும் ஊர் வியாபாரியிடமே விற்கின்றனர். ஆயினும் அவ்வியாபாரி கொடுக்கும் விலை, கடல் கடந்த நாடுகளில் எழுதப்படும் விதிகளையும் பொறுத்தது. ஆதலின் அவ்விதிகளின் தன்மையைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

1. மூலப்பொருளும் பதனிட்ட பொருளும்

ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தீர்வைப் பட்டியலில் வறுக்காத கோப்பிக்கொட்டைக்குத் தீர்வை இல்லை. வறுத்த கோப்பிக்கு 7.5 வீதத் தீர்வை உண்டு. கொக்கோ விதைக்குத் தீர்வை இல்லை. அதனை அரைத்துக் களியாக்கினால் 9.6 வீதம் செலுத்தல் வேண்டும். இதனால் மூலப்பொருள் எளிதில் உள்ளே செல்லும். பதனிடும் தொழிலும் அதன் வேலைவாய்ப்பும் வாங்கும் நாட்டிலேயே தங்கிவிடும்.

1995 இல் நடைமுறைக்கு வந்த விவசாய உடன்படிக்கை, செல்வந்த நாடுகள் தமது தீர்வைகளைச் சராசரியாக 36 வீதத்தால் ஆறு ஆண்டுகளிலும், வளர்முக நாடுகள் 24 வீதத்தால் பத்து ஆண்டுகளிலும் குறைக்க வேண்டுமென விதித்தது. பார்வைக்கு இது வளர்முக நாடுகளுக்குச் சாதகமானதே. ஆனால் தமது கமக்காரருக்கு அளித்துவந்த பெருந்தொகையான உதவியை, அனுமதிக்கப்பட்ட வேறு வடிவங்களில் தொடர்ந்து வழங்கச் செல்வந்த நாடுகளால் இயன்றது. வறிய நாட்டின் திறைசேரிக்கு அவ்வாறு செய்யும் வலிமை இல்லை.

2. சலுகையின் இயல்பு

வளர்முக நாடுகளின் பொருள்களுக்குக் குறைந்த தீர்வை விதிக்கும் சலுகை முறையை ஐரோப்பா 1971 இல் தொடங்கியது. அதன் விசேட பிரிவாகிய ஜீ.எஸ்.பி. பிளஸ் சலுகை 2005 இல் இலங்கைக்குக் கிடைத்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றாடல், நல்லாட்சி ஆகியவை பற்றிய 27 சர்வதேச உடன்படிக்கைகளைப் பேணுதல் அதன் நிபந்தனையாகும். அவற்றுள் மனித உரிமை பற்றிய மூன்றினை இலங்கை உரிய முறையில் நடைமுறைப்படுத்தவில்லை என்ற காரணத்தால் 2010 ஆகத்தில் சலுகை நிறுத்தப்பட்டது. 2017 மே மாதத்தில் மீண்டும் வழங்கப்பட்டது.

மேலும், உலக வங்கியின் கணிப்பில் ஒரு நாடு தொடர்ந்து மூன்று ஆண்டுகள் உயர் நடுத்தர வருமான நாடாக விளங்கின், அதற்கு இச்சலுகை இல்லையென 2012 ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒழுங்குவிதி கூறுகின்றது. நாடு முன்னேறினாலும் சலுகை நீங்கும். எனவே சலுகையை நம்பி மட்டும் ஒரு தொழிலை நடத்துதல் பாதுகாப்பானதன்று. சலுகை உள்ள காலத்திலேயே, அது இன்றியும் நிலைக்கத்தக்க தரத்தை எய்துதல் வேண்டும்.

3. மீன் ஏற்றுமதி தரும் பாடம்

2013 இல் இலங்கை 7 கோடியே 40 இலட்சம் யூரோ பெறுமதியான சூரை, வாள்மீன் வகைகளை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அனுப்பியது. ஆழ்கடலில் மீன்பிடிக்கும் படகுகளைக் கண்காணிக்கவும் குற்றமிழைப்போரைத் தண்டிக்கவும் போதிய ஏற்பாடு இல்லையென 2012 இலேயே எச்சரிக்கை விடுக்கப்பட்டது. குறை தீராமையால் 2015 ஜனவரியில் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விதியை மீறாத மீனவரும் சந்தையை இழந்தனர். சட்டம் திருத்தப்பட்டு, படகுகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவிகள் பொருத்தப்பட்ட பின்னர், 2016 இல் தடை நீங்கியது. சிலரது கவனக்குறைவு அனைவரையும் பாதிக்கும் என்பது கமத்தொழிலுக்கும் பொருந்தும்.

4. கறுவா காட்டும் வழி

2022 பெப்ரவரியில் “சிலோன் சினமன்” என்னும் பெயரை ஐரோப்பிய ஒன்றியம் புவியியற் குறியீடாகப் பதிவு செய்தது. இலங்கையில் விளைந்து, வகுக்கப்பட்ட முறைப்படி ஆக்கப்பட்ட கறுவாவே அங்கு அப்பெயரில் விற்கப்படலாம். நமது மண்ணும் கறுவா உரிப்போரின் கைத்திறனும் ஈட்டிய உரிமை இது. தரம் பேணப்படும்வரை இது பயன் தரும்.

5. கமக்காரர் கவனிக்க வேண்டியவை

(அ) தெளித்த பூச்சிகொல்லியின் பெயர், அளவு, திகதி ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். தெளித்தபின் குறிக்கப்பட்ட நாள்கள் கழியுமுன் அறுவடை செய்தலாகாது.

(ஆ) மிளகையும் கறுவாவையும் வெறுந்தரையில் உலர்த்தாது, சுத்தமான பாய் அல்லது மேடைமீது உலர்த்துக.

(இ) கறுவாவுக்குக் கந்தகப் புகையூட்டுவோர் அளவறிந்து செய்க. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு கிலோகிராமுக்கு 150 மில்லிகிராம் வரையிலான கந்தகவீரொட்சைட்டையே அனுமதிக்கின்றது.

(ஈ) தரம் பிரித்தல், அரைத்தல், பொதியிடல் ஆகியவற்றைச் சங்கமாகக் கூடிச் செய்க. தனியொருவருக்கு இயலாத செலவு பலருக்கு இயலும். பதனிடுதலால் வரும் இலாபமும் ஊரிலேயே தங்கும்.

ஒப்பந்தங்களை எழுதுவது அரசாங்கங்களின் பணி. அவற்றின் பயன் நமது தோட்டத்தை வந்தடைவது நமது தரத்தையும் ஒற்றுமையையும் பொறுத்தது.