மின்னஞ்சல் ஏன் தாமதமாகிறது?

பயிர்ச்சேதப் படங்களைக் கடைசி நாள் மாலையில் மின்னஞ்சலில் அனுப்ப முற்படும் ஊராட்சியினருக்கு ஒன்று கூற விரும்புகிறோம். மடலுடன் இணைக்கும் படம் எழுத்துக்குறிகளாக மாற்றப்பட்டே செல்கிறது. அதனால் அதன் அளவு மூன்றில் ஒரு பங்கு பெருகுகிறது. 15 மெகாபைட் படங்கள் 20 ஆகிவிடும். அனுப்பும் வேகம் நொடிக்கு 1 மெகாபிட் எனில் இவை செல்ல ஏறத்தாழ 160 நொடிகள் வேண்டும். 10 மெகாபிட்டாயின் 16 நொடிகளே. இணைப்பு வாங்குகையில் நாம் பெரிதும் கேட்டறிவதோ பெறும் வேகத்தைத்தான்! ஆகவே படங்களைச் சுருக்கி அனுப்புதல் நலம்.

மடல் நம் கணினியை நீங்கிய பின்னும் தாமதம் நேரலாம். அறிமுகமற்ற இடத்து மடலைப் பெறுநரின் சர்வர் சில வேளை தற்காலிகமாக ஏற்க மறுக்கும். அனுப்பும் சர்வர் சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும். அவ்விடைவெளி அரைமணி நேரமாகவும் இருக்கக்கூடும். அதற்குள் அலுவலகத்தின் கெடு கடந்துவிடலாம்.